அஞ்சு மணிச் சங்கு

இடி முதலாளிக்கு ரகசியம் பேசத் தெரியாது. அது குணத்தில் இருந்த குறை இல்லை, காதில் இருந்த குறை. பதினாலு வயதில் தறிக்கூடத்துக்குள் நுழைந்த மனிதர். நானூறு தறி ஒரே கூரைக்குக் கீழே ஓடினால் என்ன சத்தம் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இருபது வருஷம் அதற்குள் நின்றதில் வலது காது அடியோடு போய்விட்டது. இடது காது ஏதோ பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. தன் குரல் தனக்கே கேட்காததால் எதைச் சொன்னாலும் இடி இடிக்கிற மாதிரிதான் சொல்வார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருப்பார். மூன்று வீடு தள்ளியிருக்கும் தபால்காரர் மறுநாள் வந்து, "நேத்து உப்பு கம்மியாமே, இன்னைக்கு எப்படி?" என்று அக்கறையாக விசாரிப்பார்.

அதனால் ரகசியம் என்று வந்தால் அவருக்கு இருந்த ஒரே வழி உதடுதான். தறிக்கூடத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் இந்த வித்தை தெரியும். அந்தச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. ஆகவே குரலே இல்லாமல், உதட்டை மட்டும் நன்றாகப் பிரித்து மூடி, கண்ணையும் புருவத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு பேசுவார்கள். பத்துத் தறி தள்ளி நிற்பவள் அதைப் பார்த்தே படித்துவிடுவாள். முந்தின நாள் வீட்டில் நடந்த சண்டையை, மாமியார் விட்ட வசவு உட்பட, ஒரு சொல் பாக்கியில்லாமல் சொல்லி முடிப்பார்கள். அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஆறுதலும் வரும்.

அவர் கல்யாணமே அப்படி நிச்சயமானதுதான். நாலு தறி தள்ளி நின்ற பெண்ணிடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று உதட்டால் கேட்டார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "முதல்ல தறியைப் பாரு. நூல் அறுந்து அரை முழம் பாழாப் போச்சு" என்றாள். சுற்றி நின்ற நாற்பது பேரும் அவள் சொன்னதைப் படித்தார்கள். கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சாயங்காலம் வாசலில் வைத்து, "வீட்டுல வந்து கேளுங்க" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். வாய்விட்டுப் பேசினால் 'நீங்க'. உதட்டால் பேசினால் 'நீ'. அவருக்கு அந்த 'நீ' என்றால் உயிர்.

பிறகு அந்த மில் நஷ்டத்தில் மூடியது, நாலு பேர் சேர்ந்து அதை எடுத்தது, மூன்று பேர் பயந்து விலகியது, இவர் ஒற்றை ஆளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று தூக்கி நிறுத்தியது எல்லாம் பெரிய கதை. சும்மா சொல்லக்கூடாது, உழைப்பாளி. ஐம்பத்திரண்டு வயதில் ஆயிரம் பேருக்கு வேலை கொடுக்கும் முதலாளி. ஆனால் ஒரே ஒரு கெட்ட பழக்கம் அவரை விடவில்லை. முகத்தைப் பார்த்தே பேச்சைப் படித்துப் பழகியவர் இல்லையா? எதிரே இருக்கிற முகம் சுருங்கினால் அவரால் தாங்க முடியாது. எந்த முகம் முன்னால் நிற்கிறதோ அதற்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவார். அடுத்த முகம் வந்தால் அதற்கு வேறு பதில்.

இப்படிப்பட்டவர்தான் சட்டசபைத் தேர்தலில் நின்றார்.

ஏன் நின்றார் என்றால், பெரிய மில் முதலாளிகள் எல்லோரும் பரம்பரைப் பணக்காரர்கள். அவர்கள் சங்கத்துக் கூட்டத்தில் இவருக்கு எப்போதும் கதவோரத்து நாற்காலிதான். "தறிக்காரன்தானே" என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை இவர் தூரத்திலிருந்தே உதட்டைப் பார்த்துப் படித்திருக்கிறார். பாவம், அவர்களுக்கு அது தெரியாது. சபையில் போய் அவர்களுக்குச் சமமாக உட்கார வேண்டும் என்று இவருக்கு ஒரு வெறி. அந்த வருஷம்தான் கூலி வேலை செய்கிற ஆண்களுக்கும் முதல்முறையாக ஓட்டு வந்திருந்தது. தலைநகரத்திலிருந்த கட்சித் தலைவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தறிக்காரராக இருந்து முதலாளியானவர், தறிக்காரர்கள் ஓட்டெல்லாம் அப்படியே வந்து விழும். இவரைக் கட்சிக்கு அள்ளிக்கொண்டார்.

அவர் மனைவி நிற்கச் சொன்ன காரணமே வேறு.

அப்போதெல்லாம் மில்லில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் சங்கு ஊதும். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனால் பன்னிரண்டு மணி நேர வேலை. மனைவியின் தங்கை இதே கூடத்தில் தறி ஓட்டியவள். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒருநாள் சாயங்காலம், கண் சொருகி, கையைத் தறியின் பல்சக்கரத்தில் கொடுத்துவிட்டாள். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அதற்குப் பிறகு நூல்கண்டு வண்டி தள்ளும் வேலைக்கு வந்தாள். ஊரெல்லாம் அவளை 'எட்டு' என்றுதான் கூப்பிட்டது. அந்தப் பெயரை வைத்ததும் அவளேதான். "எனக்கு எட்டுக்கு மேல எண்ண வராது, கூலியை எட்டெட்டாக் குடுங்க" என்று சொல்லி அவளே முதலில் சிரித்துவிடுவாள். அக்காவால் சிரிக்க முடிந்ததில்லை.

"நீங்க சபைக்குப் போங்க. போய் எல்லா மில்லுக்கும் பத்து மணி நேரம்தான்னு சட்டம் கொண்டு வாங்க. அதுக்குன்னா நான் வீடு வீடா ஏறி இறங்கறேன்" என்றாள் மனைவி.

முகம் எதிரே இருந்ததா, "கண்டிப்பா! பத்து மணிதான்!" என்று இடித்தார். தபால்காரருக்கும் கேட்டது. மறுநாள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பெண்களுக்கு ஓட்டு கிடையாது, ஆனால் எந்த வீட்டு ஓட்டு எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்தது யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அக்காவும் தங்கையும் இருபது நாள் தெருத் தெருவாக நடந்தார்கள். பத்து மணி, பத்து மணி, அஞ்சு மணிக்குச் சங்கு. வேறு பேச்சே ஊரில் இல்லை.

தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, மில் முற்றத்தில் பெரிய கூட்டம். மேடை, தோரணம், பேண்டு வாத்தியம். கட்சித் தலைவர் ரயிலேறி வந்திருந்தார். கீழே ஆயிரம் தறிக்காரர்கள் குடும்பம் குட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் மனைவியும் எட்டும்.

தலைவர் மேடையில் ஒரு சீட்டை முதலாளி கையில் திணித்தார். 'மற்ற மில்காரர்கள் கொதிக்கிறார்கள். பத்து மணி உண்மையா? அவர்கள் ஆள் மேடைப் படிக்கட்டில் நிற்கிறார். இப்போதே பதில் வேண்டும்' என்று எழுதியிருந்தது. முதலாளி நிமிர்ந்து பார்த்தார். தலைவரின் முகம் சுருங்கத் தயாராக இருந்தது. படிக்கட்டில் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் முதலாளியின் மேஸ்திரி. முதலாளியும் மேஸ்திரியும் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்துத் தறி ஓட்டியவர்கள்.

பதில் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் முற்றம் முழுக்கக் கேட்கும். அது அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆகவே புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார். மேஸ்திரியைப் பார்த்து, குரல் இல்லாமல், உதட்டை நன்றாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"கவலைப்பட வேணாம்னு சொல்லிடு. பத்து மணியெல்லாம் ஓட்டு முடியற வரைக்கும்தான். அப்புறம் பழையபடி பன்னண்டு."

அட கடவுளே! எதிரே உட்கார்ந்திருந்தது யார்? கடைக்காரர்களா, வாத்தியார்களா? ஆயிரம் தறிக்காரர்கள்! அந்தப் பாஷையில் பிறந்து வளர்ந்த ஆயிரம் பேர், ஆடாமல் அசையாமல், மேடையில் நிற்கிற ஒரே மனிதரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்று ரகசியம் சொல்கிறார் மனிதர்!

மேஸ்திரி பதறிப்போய் வாயைப் பொத்திக் காட்டினார். அப்போதுதான் முதலாளிக்கு உறைத்தது. மெல்லத் திரும்பி முற்றத்தைப் பார்த்தார். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. யாரும் கத்தவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர் மட்டும் உதட்டை அசைத்தார். "பார்த்துட்டோம்."

மனைவியைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தபோது அவள் எழுந்து போய்க்கொண்டிருந்தாள்.

தலைவருக்கு இது ஒன்றும் தெரியாது. எழுந்து முக்கால் மணி நேரம் முழங்கினார். ஒரு கைதட்டல் இல்லை. இறங்கும்போது, "ரொம்பக் கட்டுப்பாடான ஜனங்க" என்று பாராட்டிவிட்டு ரயிலேறினார்.

மறுநாள் காலையில் முதலாளி வழக்கம்போலத் தறிக்கூடத்துக்குள் போனார். எல்லாத் தறியும் ஓடின. எல்லோரும் வேலையில் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் மூக்குக்குக் கீழே ஒரு துணியைக் கட்டியிருந்தார்கள். கூடம் முழுக்கத் துணி. ஒரு வாய்கூட வெளியே தெரியவில்லை.

"என்னய்யா இது?" என்றார் மேஸ்திரியிடம்.

மேஸ்திரியும் துணி கட்டியிருந்தார். ஒரு சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார். 'பஞ்சுத் தூசி.'

முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் கூடத்தில் யார் என்ன பேசினாலும் அவருக்குத் தெரியும். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யாருக்குக் காய்ச்சல், யார் தன்னைத் திட்டுகிறார்கள், எல்லாம் நடந்துபோகும்போதே படித்துவிடுவார். திட்டுவதுகூட அவருக்குப் பிடிக்கும். இன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் நிஜமாகவே செவிடானார். கூடத்தின் நடுவில் நின்று, "நான் சும்மா சொன்னதுய்யா!" என்று கத்தினார். தறிச் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை. உதட்டால் சொன்னார். ஒருத்தரும் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால்தானே படிக்க?

வீட்டில் அதைவிட மோசம். மனைவி வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், ஏதோ சொன்னாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லதாகச் சொன்னாளா, கெட்டதாகச் சொன்னாளா, அதுகூடத் தெரியவில்லை. மனிதர் சாப்பாட்டைத் தொடவில்லை.

"நான் யாரை ஏமாத்தணும்னு நினைச்சேன்? அந்த ஆளு முகத்தைப் பார்த்தேன், வாயில வந்துடுச்சு!" என்றார். அது உண்மைதான். எது தன் உண்மையான பதில் என்று அவருக்கே தெரியாது. அதுதான் கோளாறே.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் அழாத குறையாகக் கெஞ்சியபோது, அவள் கைக்குட்டையைக் கீழே இறக்கினாள். வாய்விட்டே பேசினாள்.

"பன்னண்டாவது மணி எப்படி இருக்கும்னு உங்களுக்கு மறந்துபோச்சு. நாளைக்குப் போய் ஒரு நாள் தறியில நில்லுங்க. நின்னுட்டு வந்து பேசுங்க."

'நீங்க' என்றாள். கைக்குட்டை மறுபடி ஏறிவிட்டது.

காய்ச்சலில் படுத்திருந்த ஒருவரின் நாலு தறி சும்மா நின்றுகொண்டிருந்தது. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு முதலாளி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அங்கே போய் நின்றார். முதல் நாலு மணி நேரம், அடேயப்பா, என்ன பெருமை! கை எதையும் மறக்கவில்லை. நூல் சுமந்த நாடா குறுக்கே பாய்ந்தது, துணி வளர்ந்தது. பார்த்தீங்களா என்பது போல மார்பை நிமிர்த்திக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. எட்டாவது மணியில் இடுப்பு பேச ஆரம்பித்தது. பத்தாவது மணியில் கால் மரத்துப்போயிற்று. கூடத்துக் கடிகாரத்தில் ஐந்து ஆனபோது, இத்தோடு முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்கே தோன்றியது. முடியவில்லை. விளக்குகளை ஏற்றினார்கள்.

பன்னிரண்டாவது மணி நேரத்தைப் பற்றி என்ன சொல்ல? மற்ற பதினொன்றும் மனிதன் செய்வது. பன்னிரண்டாவதில் உடம்பு மட்டும் நின்றுகொண்டிருக்கும், ஆள் இருக்க மாட்டான். மூன்றாவது தறியில் நூல் அறுந்ததை அவர் பார்த்தார். தறியை நிறுத்திவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். நாற்பது பேருக்கு அவரே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கை அதன்பாட்டுக்கு உள்ளே போயிற்று.

படாரென்று யாரோ கைப்பிடியைத் தட்டினார்கள். தறி நின்றது. அவர் விரலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு நெல்மணி அளவு இடைவெளி இருந்தது.

எட்டு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நூல்கண்டு வண்டி. கைப்பிடியின்மேல் அவளுடைய இடது கை, மூன்று விரலோடு, இன்னும் அழுத்திப் பிடித்தபடி இருந்தது. நாலு வார்த்தை திட்டுவாள் என்று முதலாளி எதிர்பார்த்தார். அவள் முகத்துணியைக் கீழே இழுத்தாள். உதட்டால் பேசினாள்.

"மணி என்னன்னு பாருங்க மாமா."

பார்த்தார். ஆறே முக்கால்.

"எனக்கும் இதே நேரம்தான்" என்றாள். துணியை மேலே ஏற்றிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் தறியோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து அழுதார். குழந்தை மாதிரி, சத்தம் போட்டு. நல்லவேளை, அந்த இடத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. எட்டு வருஷமாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், இன்றைக்குத்தான் பார்த்தார்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "எனக்கு என்மேல நம்பிக்கை இல்லை. நாளைக்கு வேற எவனாவது வந்து முகத்தைத் தொங்கப் போட்டா நான் மறுபடி ஆமாம்பேன். அதனால அதை என் கையிலயே வெச்சுக்க மாட்டேன்" என்றார். அவளுக்குப் புரியவில்லை. மறுநாள் புரிந்தது.

வியாழக்கிழமை காலையில் கொத்தனாரைக் கூப்பிட்டு எஞ்சின் அறைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுச்சுவரில் ஓட்டை போடச் சொன்னார். சங்கு ஊதுகிற கயிறு அதுவரை எஞ்சின் அறையில்தான் தொங்கும். முதலாளி சொன்னால்தான் எஞ்சின்காரர் அதை இழுப்பார். சங்கு ஊதினால் எஞ்சினை நிறுத்த வேண்டும், அதுதான் வழக்கம். இப்போது கயிற்றை நீட்டி, ஓட்டை வழியாகக் கொண்டுவந்து, நூல்கண்டு வண்டி நிற்கிற மூலையில் தொங்கவிட்டார்.

"இனிமே என் பேச்சைக் கேக்காதே" என்றார் எஞ்சின்காரரிடம். "கயிறு சொல்றதை மட்டும் கேளு."

"நீங்களே வந்து நிறுத்தாதேன்னு சொன்னா?"

"முக்கியமா அப்பத்தான் கேக்காதே!"

பிறகு எட்டுவிடம் போனார். உதட்டால், கூடம் முழுக்கப் பார்க்கிற மாதிரி நடுவில் நின்று சொன்னார். "அஞ்சு மணிக்கு இழு. இன்னைக்கு மட்டுமில்ல. தினமும். நான் தப்புப் பண்ணிட்டேன். நீங்கல்லாம் என்னை மன்னிக்கணும்னு கேக்கலை. ஆனா சங்கு இனிமே இவ கையில."

இந்தமுறை எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து மணிக்கு எட்டு கயிற்றைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தாள். சங்கு ஊதியது. எஞ்சின் மூச்சு விட்டு அடங்கியது. பெல்ட்டுகள் நின்றன. வெளியே இன்னும் வெயில் இருந்தது! வெயிலோடு வீட்டுக்குப் போவதா என்று சிலர் வாசலில் திகைத்து நின்றுவிட்டார்கள். ஒரு பெண், "இப்ப வீட்டுக்குப் போய் என்னடி பண்றது?" என்று கேட்டாள். "வீட்டுக்காரர் முகத்தைப் பகல்ல பாரு, பிடிக்கலைன்னா நாளைக்கு வந்து சொல்லு" என்றாள் இன்னொருத்தி. முகத்துணிகளை ஒவ்வொருவராக அவிழ்த்து மடியில் சொருகிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை கட்சித் தலைவரிடமிருந்து தந்தி வந்தது. கட்சி அவரைக் கைகழுவிவிட்டது. பெரிய மில்காரர் ஒருவரின் மருமகனை அவசர அவசரமாக நிறுத்தினார்கள். இவருடைய மேடை, தோரணம், பேண்டு எல்லாம் எதிர்ப்பக்கம் போயிற்று. முதலாளி கலங்கினார். பொய் சொல்வானேன், சனிக்கிழமை முழுவதும் அந்த நாற்காலி கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு தந்தி அடித்து மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடும் என்று மேஜை வரைக்கும் போனார். ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. பேனாவை மூடி வைத்தார்.

தேர்தலில் நாற்பத்தொரு ஓட்டில் ஜெயித்தார். எல்லோரும் மன்னித்துவிடவில்லை. பின்வரிசைக் கிழவர் கடைசிவரைக்கும் ஓட்டுப் போடவில்லை, போடாததை நேரில் வந்தும் சொன்னார். "ஜெயிச்சது நீங்க இல்லை, சங்கு" என்றார் மேஸ்திரி. முதலாளி அசடு வழிய ஆமோதித்தார்.

இவர் கேட்ட பத்து மணிச் சட்டம் சபைக்கு வர ஒரு வருஷமாயிற்று. அதற்குள் ஒருநாள் அவசர ஆர்டர் என்று இவர் எட்டுவிடம் போய், "இன்னைக்கு ஒரே ஒரு அரை மணி" என்று தலையைச் சொறிந்ததும், அவள் கயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "மாமா, மணி அஞ்சாகப் போகுது, தள்ளி நில்லுங்க" என்றதும் நடந்தது. மனிதர் மாறிவிட்டார் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கயிறு இடம் மாறியது, அவ்வளவுதான்.

ஓட்டெடுப்பு நாளன்று தலைநகரத்துச் சபைக்கு மில்லிலிருந்து முப்பது பேர் ரயிலேறி வந்தார்கள். பார்வையாளர் மாடத்தில், மேலே, விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மனைவி, பக்கத்தில் எட்டு. கீழே இவர். சபாநாயகருக்கு மேலுதட்டையும் கீழுதட்டையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரு மீசை. அவர் பேசுவதில் ஒரு எழுத்தைக்கூட இவரால் படிக்க முடியாது. ஒரு வருஷமாக அடுத்தவர் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்து காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஓட்டெடுப்புக்குக் கொஞ்சம் முன்னால் பழைய கட்சித் தலைவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இடது காதோடு வாயை வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரே ஒரு வரி சேர்த்துக்கங்க. சட்டம் அஞ்சு வருஷம் கழிச்சு அமலுக்கு வரும்னு. தொழில் மந்திரி நாற்காலி உங்களுக்குத்தான். கதவோரம் இல்லை, நடுவுல."

கதவோரம்! அது தலைவருக்கு எப்படித் தெரிந்ததோ. எதிரே முகம், முகத்தில் சிரிப்பு, வேண்டாம் என்றால் சுருங்கிவிடும். பழக்கம் போகுமா? உதடு 'ச' என்று பிரிந்துவிட்டது.

மாடத்தில் முப்பது தலை ஒரே சமயத்தில் முன்னால் நீண்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அறுபது கண்ணும் அவர் வாயில். மனைவி முறைக்கவில்லை, கையாட்டவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டை அவள் மடியில் இருந்தது.

அவர் தலைவர் பக்கம் திரும்பி, மரியாதையாக, மெதுவாகப் பதில் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னதாகக் கடைசிவரைக்கும் சாதித்தார்.

"மந்திரி பதவியெல்லாம் வேணாங்க! அஞ்சு வருஷம் தள்ளிப் போடவும் முடியாதுங்க!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பத்திரிகைக்காரர்கள் பென்சிலைத் தேடினார்கள். சபையே திரும்பித் தலைவரைப் பார்த்தது. பிறகு யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், அப்புறம் எல்லோரும். தலைவர் எழுந்து தன் இடத்துக்குப் போகிற வழியில் இரண்டு நாற்காலியில் இடித்துக்கொண்டார்.

முதலாளியைப் பேச அழைத்தார்கள். எழுந்தார். எழுதிவைத்ததை எடுத்தார், கண்ணாடியைக் காணோம். போகட்டும் என்று ஆரம்பித்தார். தறியைப் பற்றிச் சொன்னார். விளக்கேற்றுகிற நேரத்தைப் பற்றிச் சொன்னார். ஆறே முக்கால் மணிக்கு வந்ததும் நின்றுவிட்டார். அடுத்த சொல் வரவில்லை. அவ்வளவு பெரிய சபையில் ஊமை மாதிரி நின்றார். உறுப்பினர்கள் நெளிந்தார்கள். அவர் திக்கில்லாமல் மேலே பார்த்தார்.

மனைவியின் உதடு அசைந்தது.

"தறியைப் பாரு."

'பாருங்க' இல்லை. 'பாரு.' ஒரு வருஷத்துக்கு மேலாகி, முதல் தடவை. அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு சபையின் பக்கம் திரும்பினார். மைத்துனியின் கையைப் பற்றிச் சொன்னார், தன் விரலைத் தூக்கிக் காட்டி அது ஏன் இன்னும் இருக்கிறது என்பதைச் சொன்னார். அந்த இடிக்குரலில் யாரும் தூங்கியிருக்க முடியாது.

ஓட்டெடுத்தார்கள். எண்ணினார்கள். சபாநாயகர் எழுந்து மீசைக்குள் ஏதோ சொன்னார். பாதிப் பேர் எழுந்தார்கள், பாதிப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள், யாரைப் பார்த்து எதைச் செய்வது என்று முதலாளிக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரை, "என்னாச்சு? என்னாச்சு?" என்று உலுக்கினார். அவர் சபாநாயகரையே பார்த்தபடி ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. ஜெயித்தோமா, தோற்றோமா? மாடத்தைப் பார்த்தார்.

அங்கே முப்பது பேரும் எழுந்து நின்று ஒரே சமயத்தில் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். அவசரத்தில் ஒன்றோடொன்று கலந்து, அவராலேயே படிக்க முடியவில்லை. எட்டு மட்டும் பேசவில்லை. விளிம்பில் எட்டிச் சாய்ந்து, மூன்று விரல் கையை உயரத் தூக்கி, இல்லாத கயிற்றைப் பிடித்து, இரண்டு இழுப்பு இழுத்தாள்.

அவருக்கு அது நன்றாகக் கேட்டது.